ஸ்டாப்பர் பேக்கின் வீடு

மர்பி டவுன், பெங்களூரு
திங்கட்கிழமை

அன்புள்ள டெரிக்குக்கு,

இங்கே நானும் மாமாவும் சுகம். அங்கே நீ சுகமாக இருக்கவேண்டும் என்று ஆரோக்கிய மாதாவிடம் சொல்லிவிட்டுத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். கடிதம் என்பதால் மரியாதையாக 'நீங்கள்' போட்டு ஆரம்பித்துப் பார்த்தேன். பென்ஷன் ஆபீசருக்கு மனு எழுதுவதுபோல் இருந்தது, கிழித்துப் போட்டுவிட்டேன். ஒரே தெருவில் வளர்ந்தவனுக்கு 'நீ' போதும். இப்போது இருக்கிற கோபத்தில் மரியாதையும் வராது. பயப்படாதே, கோபம் உன்மேல் இல்லை. யார்மேல் என்று சொல்கிறேன்.

ஆம்ப்ரோஸ் அண்ணன் லீவு முடிந்து வெள்ளிக்கிழமை மஸ்கட் திரும்புகிறார். மாங்காய் ஊறுகாயும், உன் நீலச் சட்டையும், மாமா தன் பிள்ளைக்கென்று வாங்கிவைத்த முழங்கால் உறையும் அவரிடம் கொடுத்தனுப்புகிறேன். ஸ்டோரில் உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு முழங்கால் உறை எதற்கு என்று மாமாவைக் கேட்டேன். இருக்கட்டுமே என்றார். சரி, இருக்கட்டும்.

போனில் சொல்லலாமே என்பாய். போனில் நான் எதைச் சொன்னாலும், பெனால்டி ஏரியாவுக்குள் வந்த பந்தைப் பார்ப்பதுபோல்தான் நீ பார்க்கிறாய். யோசிக்காமல் தூக்கி வெளியே அடித்துவிட்டு 'விடு ஆஞ்சி, பேஜார் பண்ணிக்காதே' என்கிறாய். கடிதத்தை அப்படி அடிக்கமுடியாது. உட்கார்ந்து படித்துத்தான் ஆகவேண்டும்.

நேற்று உங்கள் கல்லூரியில் விழா. நீங்கள் யுனிவர்சிட்டி கால்பந்துக் கோப்பை ஜெயித்ததைக் கொண்டாடினார்கள். இத்தனை வருஷம் கழித்து எதற்கு என்று எனக்கும் தெரியவில்லை. புது பிரின்சிபாலுக்கு விழா எடுப்பது பிடிக்கும் போலிருக்கிறது. ஆட்டக்காரர்களின் குடும்பத்தையும் அழைத்திருந்தார்கள். பூசை முடிந்த கையோடு நானும் மாமாவும் போனோம். மாமா அந்த மெரூன் கோட்டைப் போட்டுக்கொண்டார். நான் ஈஸ்டருக்கு எடுத்த பட்டுப்புடவையைக் கட்டிக்கொண்டேன். எதற்காக இவ்வளவு அலங்காரம் என்று உனக்கே தெரியும்.

தெரியாததுபோல் இருக்காதே. அன்றைக்கு உங்களை ஆடவைத்த சுப்ரமணியன் சார் ரிடையர் ஆவதற்குள் கால்பந்துக்கு நிரந்தரமாக ஒரு கோச்சைப் போட்டுவிட்டுப் போகப்போகிறார் என்றும், அவர் மனதில் உன் பெயர்தான் இருக்கிறது என்றும் பொங்கல் சமயத்தில் நீதான் சொன்னாய். அது கிடைத்தால் ஜூனில் கான்ட்ராக்ட் முடிந்ததும் ஒரேயடியாக வந்துவிடுகிறேன் என்றும் சொன்னாய். அன்றைக்கே மாமா முன்னறையில் அடைத்துவைத்திருந்த பழைய பேப்பர்களை எல்லாம் எடுத்துப் போட்டுவிட்டேன். கட்டிலை ஜன்னல் பக்கம் நகர்த்தினேன். ஸ்கூலில் என் மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக்கூடத் தெரியும், மிஸ்ஸின் வீட்டுக்காரர் ஜூனில் வருகிறார் என்று.

விழாவின் லட்சணத்தைக் கேள். வாசலில் ஒரு பெரிய ஃப்ளெக்ஸ். ஃபைனலில் கோல் அடித்த ஹரிஷ் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு ஓடுகிறான். அவனுக்குப் பின்னால், ஓரத்தில், மங்கலாக ஒரு முழங்கால் தெரிகிறது. வெள்ளைப் பட்டை சுற்றிய முழங்கால். அது உன்னுடையது, டெரிக். முகத்தை வெட்டிவிட்டார்கள், பிரின்சிபால் படம் போட இடம் வேண்டுமல்லவா! அத்தனை பாடுபட்டதற்கு உனக்குக் கிடைத்தது ஒரு முழங்கால். அதுவும் கெட்டுப்போன முழங்கால்.

பிரின்சிபால் பேசினார். ஒரே ஒரு கோல், அந்த ஒரே கோலில் சரித்திரம் படைத்தோம் என்று ஆங்கிலத்தில் பாதி, கன்னடத்தில் பாதி முழங்கினார். எல்லோரும் கை தட்டினார்கள். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. ஒன்றுக்கு சைபர் என்றுதானே ஜெயித்தீர்கள்? அந்த ஒன்று ஹரிஷுடையது, சரி. அந்த சைபர் யாருடையது? மாவு மூட்டைபோல் வீங்கின காலோடு, சார் அடித்துவிட்ட ஐஸ் ஸ்ப்ரேயை நம்பி, கோல் கோட்டின்மேல் நின்று தலையால் முட்டிக் காப்பாற்றினானே ஒருவன், அவனுடையது இல்லையா? ஹரிஷ் காலுக்கு அந்தப் பந்து போனதே உன் காலிலிருந்துதான். அதைக் கேட்க அங்கே ஒரு நாதி இல்லை.

இது இன்றைக்கு நேற்றுத் தொடங்கியதில்லை. டிகிரி முடித்ததும் அந்தப் பெரிய கம்பெனியில் ஸ்போர்ட்ஸ் கோட்டா இன்டர்வியூவுக்குப் போனாயே, ஞாபகம் இருக்கிறதா? எத்தனை கோல் அடித்திருக்கிறாய் என்று கேட்டார்கள். ஸ்டாப்பர் பேக் சார், பின்னால் நின்று தடுக்கிறவன், கோல் இல்லை என்றாய். இத்தனை வருஷம் ஆடி ஒன்றுகூட இல்லையா என்று ஒரு பெரிய மனுஷர் சிரித்தாராம். வாசலில் நிற்கிற காவல்காரனைக் கூப்பிட்டு, இங்கே எத்தனை திருட்டு நடந்தது என்று கேட்டு, ஒன்றும் நடக்கவில்லை என்று அவன் சொன்னால், அப்புறம் நீ எதற்கு என்று வீட்டுக்கு அனுப்புவார்களா? உன்னை அனுப்பினார்கள். நீயும் தேங்க் யூ சொல்லிவிட்டு வந்தாய். அதற்குப் பிறகு மேட்சுக்கு மேட்ச் கூப்பிட்ட கிளப்புக்கெல்லாம் போய் மிச்சமிருந்த காலையும் கொடுத்தாய். அப்புறம் கூரியர் வண்டி. அப்புறம் மஸ்கட்.

சரி, விழாவுக்கு வருகிறேன். கடைசியில் பிரின்சிபால் கோச் பெயரை அறிவித்தார். ஹரிஷ்.

நான் காதில் சரியாக விழவில்லை என்று நினைத்தேன். அவன் மேடையேறி மாலை போட்டுக்கொண்ட பிறகுதான் புரிந்தது. சார் கீழே குனிந்து ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தார். ஹரிஷ் மேடையிலிருந்து இறங்கி நேராக எங்களிடம் வந்து, மாமாவின் காலைத் தொட்டுக் கும்பிட்டு, தனக்குப் போர்த்திய சால்வையை அவர் தோளில் போட்டான். எனக்கு என்ன வந்ததோ தெரியவில்லை. அதை எடுத்து மடித்து அவன் கையிலேயே கொடுத்துவிட்டு, இதையும் நீயே வைத்துக்கொள், மற்றதெல்லாம் உனக்குத்தானே வந்திருக்கிறது என்றேன். பக்கத்திலேயே ஒருவன் மைக்கைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறான். கடைசி வரிசைவரைக்கும் கேட்டுவிட்டது.

மாமா வழியெல்லாம் முகத்தைத் திருப்பி வெளியே பார்த்துக்கொண்டே வந்தார். வீட்டுக்கு வந்து தயிர்சோறு சாப்பிட்டார், டிவிகூடப் போடாமல் படுத்துவிட்டார். மனுஷர் உடைந்துபோய்விட்டார் என்று எனக்கு அவரைப் பார்க்கப் பாவமாக இருந்தது. நான் இதை விடப்போவதில்லை. புதன்கிழமை ஸ்கூல் அரை நாள்தான். நேராகப் போய் சாரைக் கேட்கப்போகிறேன். உனக்காகப் பேச ஒருத்தியாவது இருக்கிறாள் என்று அவர்களுக்குத் தெரியட்டும்.

புதன்கிழமை

கடிதத்தை மடித்து ஊறுகாய் டப்பாவோடு கட்டிவைத்திருந்தேன். இப்போது பிரித்துத் தொடர்கிறேன். மேலே, கோபம் உன்மேல் இல்லை என்று எழுதியிருக்கிறேன் அல்லவா? அந்த வரியை அடித்துவிட்டுப் படி.

சார் என்னைக் கண்டதும் நாற்காலி போட்டார், காபி சொன்னார். நான் உட்காரவில்லை. ஃப்ளெக்ஸ், முழங்கால், சைபர் என்று எல்லாவற்றையும் அவர் மேஜைமேல் கொட்டினேன். பேசும்போதே எனக்கு அழுகை வந்துவிட்டது, அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. அவர் விசிலை விரலில் சுற்றிக்கொண்டே கேட்டார். எல்லாம் முடிந்த பிறகு மெதுவாக, 'ஆஞ்சலாம்மா, போஸ்ட் டெரிக்குக்குத்தான் வந்துச்சு. அவன்தான் வேணாம்னுட்டான்' என்றார்.

எனக்கு அப்போது எப்படி இருந்திருக்கும் என்று நினைத்துப் பார்.

பிப்ரவரியிலேயே நீ சாருக்கு போன் செய்தாயாம். ஹரிஷுக்கு கம்பெனியில் வேலை போய்விட்டது, இரண்டு குழந்தைகள், வெளியே சொல்லாமல் தினமும் லேப்டாப் பையை மாட்டிக்கொண்டு அல்சூர் ஏரிக்கரையில் போய் உட்கார்ந்திருக்கிறான், அவனுக்குக் கொடுங்கள் சார் என்றாயாம். ஓடமுடியாத கோச்சைப் பார்த்தால் பையன்கள் சிரிப்பார்கள் என்றும் சொன்னாயாம். வீட்டில் சொல்லிவிட்டாயா என்று அவர் கேட்டதற்கு, அவளிடம் நான் சொல்லிக்கொள்கிறேன் என்றாயாம். எப்போது சொல்வதாக இருந்தாய்? என் தலை நரைத்த பிறகா?

அங்கிருந்து ஆட்டோ பிடித்து ஜீவனஹள்ளிக்குப் போனேன். ஹரிஷின் மனைவி தீபிகாதான் கதவைத் திறந்தாள். ஞாயிற்றுக்கிழமை நான் செய்த காரியத்துக்கு அவள் கதவை முகத்தில் அடித்துச் சாத்தியிருக்கவேண்டும். சாத்தவில்லை, மோர் கொண்டுவந்து கொடுத்தாள். ஹரிஷ் தலையைக் குனிந்துகொண்டு, 'அண்ணி, உங்ககிட்ட சொல்லக்கூடாதுன்னு அண்ணன் சத்தியம் வாங்கிட்டாரு' என்றான். ஊருக்கு முன்னால் நான் அவனை அப்படிப் பேசியும், சத்தியத்துக்குக் கட்டுப்பட்டு வாயை மூடிக்கொண்டு நின்றிருக்கிறான். அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். அந்தச் சால்வையையும் திரும்ப வாங்கிக்கொண்டேன். இதில் என் தப்பு எவ்வளவு என்று நீ கணக்குப் போடவேண்டாம். உன் வாயில் இருந்த கொழுக்கட்டைதான் எல்லாவற்றுக்கும் காரணம்.

வீட்டுக்கு வந்து மாமாவிடம் சொன்னால், அவர் மீன் கழுவிக்கொண்டே, 'ஆமாம்மா, சொன்னான்' என்கிறார். அவருக்கும் தெரியும்! ஞாயிற்றுக்கிழமை டிவி போடாமல் படுத்தாரே, அது மனம் உடைந்து இல்லை. நான் ஏதாவது கேட்டுவிடுவேனோ என்ற பயத்தில்.

கல்லூரி நாளில் உன் பெயர் எதற்குப் பிரசித்தம் என்று எனக்குத் தெரியாதா? எதிரணிக்காரன் பந்துக்காகப் பாய்ந்து வருவான். நீ ஒரு சத்தமும் போடமாட்டாய், கையை மட்டும் தூக்குவாய். பின்வரிசையில் இருக்கிற நாலு பேரும் சேர்ந்தாற்போல் ஒரு அடி முன்னால் ஏறுவீர்கள். வந்தவன் உங்களுக்குப் பின்னால் தனியாக மாட்டிக்கொள்வான். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்குவார், ஆஃப்சைடு. என்ன நடந்தது என்றே அவனுக்குப் புரியாது, திருதிருவென்று விழிப்பான். கேலரியில் உட்கார்ந்து அதற்குக் கை தட்டினவள்தான் நான். இப்போது மஸ்கட்டிலிருந்து கையைத் தூக்கியிருக்கிறாய். சார், ஹரிஷ், மாமா எல்லோரும் ஒரு அடி ஏறிவிட்டார்கள். பட்டுப்புடவை கட்டிக்கொண்டு, கையில் சால்வையோடு, கூட்டத்துக்கு நடுவில் தனியாக நின்றவள் நான். கட்டின பெண்டாட்டியை ஆஃப்சைடில் மாட்டிவிட்ட ஆண்பிள்ளையை நான் வேறெங்கும் பார்த்ததில்லை.

ஹரிஷுக்குக் கொடுத்தது தப்பு என்று நான் சொல்லவில்லை. அந்தக் குழந்தைகளைப் பார்த்துவிட்டு வந்தேன், சொல்ல மனம் வரவில்லை. என்னிடம் கேட்டிருந்தால் நானே கொடு என்றிருப்பேனோ என்னவோ. ஆனால் கேட்டிருக்கவேண்டும். அது உன் ஒருவனுடைய வேலை மட்டும் இல்லை. நான் பேப்பரை எடுத்துப் போட்டுக் காலிசெய்த அறையும் அதில் இருந்தது. உனக்கு எப்போதும் இதே பழக்கம். லெஃப்ட் பேக் முன்னால் ஏறிவிட்டால் அங்கே போய் நிற்பாய், ரைட் பேக் விழுந்துவிட்டால் அங்கே ஓடுவாய். யார் இடம் காலியானாலும் உன் கண்ணில் படும். உன் இடம் ஐந்து வருஷமாகக் காலியாக இருக்கிறது, டெரிக். மர்பி டவுனில், கோயிலுக்குப் பின் தெருவில். அதுமட்டும் உன் கண்ணில் படவில்லை.

இன்னொன்றும் தெரிந்துகொண்டேன். ஹரிஷுக்கு கோல் அடிக்கத் தெரியும், தடுக்கச் சொல்லிக்கொடுக்கத் தெரியாது. அதை அவனே சொல்கிறான். பின்வரிசைப் பையன்களுக்கு உன்னை அசிஸ்டென்ட்டாகப் போடலாம் என்று சாரும் பிரின்சிபாலிடம் பேசி முடித்துவிட்டாராம். போன வாரம் உன்னிடம் கேட்டதற்கு, அந்தக் காலோடு நான் வந்து என்ன செய்ய என்று சொல்லிவிட்டு, மஸ்கட்டிலேயே இன்னும் இரண்டு வருஷத்துக்குக் கையெழுத்துப் போடப்போகிறேன் என்றாயாம். கோட்டோரமாக ஒரு நாற்காலியில் உட்கார்ந்து, டேய் பின்னால் பாருடா என்று கத்துவதற்கு முழங்கால் எதற்கு? தொண்டை போதாதா? உனக்கு இல்லாவிட்டால் என்னுடையதைத் தருகிறேன்.

வியாழக்கிழமை

சாமான்களை வாங்கிக்கொள்ள ஆம்ப்ரோஸ் அண்ணன் வந்திருந்தார். சாப்பிடச் சொன்னேன். பேச்சுவாக்கில், டெரிக் அங்கே வெள்ளிக்கிழமை பூசைக்குத் தவறாமல் வருகிறான் என்று பெருமையாகச் சொன்னார். சாமியார் அப்பத்தை உயர்த்துகிற எழுந்தேற்றத்துக்கு எல்லோரும் முழங்காலில் நிற்கும்போது அவன் மட்டும் கடைசியில் தூணைப் பிடித்துக்கொண்டு நின்றிருப்பான், பாவம், மடக்க முடியவில்லை என்றும் சொன்னார். மாமா அவரைப் பார்த்துக் கண்ணைக் காட்டினார். நான் விடவில்லை. உனக்கு உட்கார்ந்த வேலையே கிடையாது, நாள் முழுக்க ஏணியில் ஏறிப் பெட்டி இறக்குகிறாய் என்பதையும் அவர் வாயிலிருந்து வாங்கிவிட்டேன். அந்த முழங்கால் உறை எதற்கு என்று இப்போது புரிந்தது.

மாமாவைத் திட்டினேன். பிறகு அவர் அழுததைப் பார்த்து நிறுத்திக்கொண்டேன். உங்கள் மகனை நீங்கள்தானே இப்படி வளர்த்தீர்கள் என்று கேட்டதற்கு, அவன் சின்னதிலிருந்தே அடி பட்டால் சொல்லமாட்டான் அம்மா என்றார். சால்வையைப் போர்த்திவிட்டு சுக்குக் காபி போட்டுக் கொடுத்தேன். இப்போது தூங்குகிறார்.

உனக்குத் தெரியாத ஒன்றைச் சொல்கிறேன். அந்த ஃபைனலில் கடைசிப் பத்து நிமிஷம் இருக்கும்போது, உன்னை வெளியே எடுக்க சார் எழுந்து கையைக் காட்டினார். நீ முடியாது என்று தலையை ஆட்டினாய். கேலரி முழுக்க, டெரிக், டெரிக் என்று கூச்சல். அந்தக் கூட்டத்தில் ஒருத்தி மட்டும், வெளியே வா, வெளியே வா என்று கத்தினாள். பக்கத்தில் இருந்த என் தோழி கேத்தரின், எதிரணி ஆளைப் பார்ப்பதுபோல் அவளை முறைத்தாள். அப்போது நமக்குள் ஒன்றும் இல்லை, நீ எதிர்வீட்டுப் பையன், அவ்வளவுதான். ஆனாலும் நீ அந்தக் காலை இழுத்து இழுத்து நடந்ததை என்னால் பார்க்கமுடியவில்லை. கோப்பை போனால் போகட்டும் என்று இருந்தது. கூச்சலில் உனக்குக் கேட்கவில்லை.

இப்போது கூச்சல் ஒன்றும் இல்லை. அதே வார்த்தையை எழுதி அனுப்புகிறேன்.

ஆட்டம் எப்போதோ முடிந்துவிட்டது, டெரிக். எல்லோரும் அவரவர் வீட்டுக்குப் போய்விட்டார்கள், நீ ஒருவன்தான் இன்னும் நிற்கிறாய். அந்தக் காகிதத்தில் கையெழுத்துப் போடாதே. பையன்கள் சிரித்தால் சிரிக்கட்டும், நாலு நாளில் நிறுத்திவிடுவார்கள். சார் கேட்ட வேலைக்குச் சரி என்று சொல்வாயோ, வேறு வேலை பார்ப்பாயோ, அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். இந்தத் தடவை என்னையும் வைத்துக்கொண்டு பேசு. முதலில் அந்த முழங்காலை சிவாஜிநகர் டாக்டரிடம் காட்டவேண்டும்.

மாதா உன்னை ஏணியிலிருந்து பத்திரமாக இறக்கி அனுப்பட்டும். நிமிர்ந்து நடந்து வரவேண்டும் என்று யாரும் இங்கே எதிர்பார்க்கவில்லை. நொண்டிக்கொண்டே வா. தெருமுனையில் நான் நின்றுகொண்டிருப்பேன்.

இன்னும் கோபம் தீராத,
உன் ஆஞ்சலா